எதிர்க்கரை மீன்கொத்தி

ஞாயிறு தவறாமல் மாட்டுங்காவிலிருந்து இந்த வனப்பூங்காக் குளத்துக்கு வந்து தன் கணவர் அப்படி என்ன பறவைதான் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள, ஷ்யாமளா இன்று கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

சங்கரனின் பைனாகுலர் எதிர்க்கரையை விட்டு நகரவில்லை.

"கொக்கும் நாரையும் இந்தப் பக்கம்னா நிக்கறது? அங்க என்ன?"

"மீன்கொத்தி."

"கண்புரைக்கு ஆபரேஷன் பண்ணிக்கோங்கோன்னா கேக்கலை. பைனாகுலர் மட்டும் வாங்கியாச்சு. குடுங்கோ, நானும் பாக்கறேன்."

அவர் கொடுக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் நீட்டினார்.

"மீன்கொத்தியெல்லாம் இல்லடி. அந்த ஊஞ்சல்கிட்ட பாரு. நம்ம சாரு. ஊஞ்சல்ல அவ பிள்ளை."

ஷ்யாமளா பைனாகுலரை வாங்கிக்கொண்டாள். ஆறு வருஷமாக அந்தப் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. மகள் தானாகக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, இனி வீட்டில் யாரும் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று சொன்னவர் அவர்தான்.

"கிட்டப் போய் ஒரு வார்த்தை பேசப்படாதா?"

"எந்த மூஞ்சிய வெச்சுண்டு போறது? வாராவாரம் இப்படிப் பாத்தா போறும் எனக்கு. பேரன் நன்னா வளந்துட்டான், இல்ல?"

ஷ்யாமளா பார்த்தாள். ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்தவள் யாரோ. உயரமும் சுருட்டை முடியும் மட்டும்தான் சாரு மாதிரி. சாரு துபாய்க்குப் போய் இரண்டு வருஷமாகிறது. நேற்றுகூட, இவருக்குத் தெரியாமல் போனில் பேசும்போது, இந்தத் தடவையும் கரு தங்கவில்லை என்று அழுதாள்.

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்படியே உங்க ஜாடை," என்றாள்.