குழியைத் தேடும் அம்மாள்

டென்னசியின் இந்தச் சின்ன ஊர்ப் பூங்காவில் காலை வெயில் இப்போதுதான் புல்லில் இறங்குகிறது. பனி இன்னும் காயவில்லை. மண்ணுக்குள் புதைந்த பழைய காசும் பொத்தானும் தேடும் கருவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெர்லின் நிற்கிறார். பூங்காக்களில் இனி யாரும் இப்படித் தேடக் கூடாது என்று சட்டம் வரப்போகிறது. வந்தால் இந்தக் கருவி பரணுக்குத்தான் போகும். அந்தச் சட்டத்தை எழுதுகிற சட்டமன்ற உறுப்பினர் கார்லிஸ் அம்மாளோ செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, புல்லை விரலால் கோதிக் கோதிப் பார்க்கிறார். பத்து நிமிடம் முன்பு, பந்தயத்துக்காக அவர் திரும்பி நின்றபோது வெர்லின் தோண்டி மூடிய குழி இங்கேதான் எங்கேயோ இருக்கிறது. அதிலிருந்து வந்த பட்டாளத்துப் பொத்தான் வெர்லினின் மனைவி நடீன் கையில் மின்னுகிறது.

"பூங்காவையே சல்லடையாக்குறீங்கன்னு புகார் வந்துச்சே?" என்கிறார் அம்மாள்.

"வீட்ல ஒரு தட்டைக் கழுவி வைக்க மாட்டார்ம்மா," என்கிறாள் நடீன். "மண்ணை மட்டும் துணி விரிச்சு அள்ளி, ஒரு பொட்டு சிந்தாம திருப்பிப் போடுவார்."

"சரி, தோத்துட்டேன். எங்கேய்யா?"

"உங்க முழங்காலுக்குக் கீழதாம்மா."

தூங்கும் குழந்தைமேல் ஏறிவிட்டவர் போல அம்மாள் சட்டென்று நகர்கிறார். அங்கே புல் தோண்டிய தடமே இல்லாமல் கிடக்கிறது. பையிலிருந்து சட்ட வரைவை எடுத்து, 'தடை' என்ற வரியின் ஓரத்தில் பேனாவை வைக்கிறார்.

"எப்படி மூடுனீங்க? மெதுவா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

வெர்லின் தொப்பியைக் கழற்றி அவர் பக்கத்தில் உட்காருகிறார்.