பவளத்துக்கு வெயில்

வீட்டில் கடல் பவளம் வளர்க்கும் தொட்டி வைக்க மனைவி லோஜினி சம்மதிப்பதற்குள் விஜிதரன் மாஸ்டர் ஒரு வருஷம் கெஞ்சிவிட்டார். பவளம் வளர வெளிச்சம் தரும் விளக்கு வாங்க ஹட்டனுக்கு அவளும் கூடவே வந்ததில் அவருக்குப் பயம்தான். "வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் தொட்டி திரும்பக் கடைக்கே போய்விடும்.

"புதுசா வளக்கிறவங்களுக்கு இந்த டியூப் லைட்டே போதும், தங்கச்சி," என்றார் கடைக்காரர் தம்பு. "சூடே இருக்காது."

"அந்தப் பெரிய விளக்கு?"

"அது நடுப்பகல் சூரியன் மாதிரி. பக்கத்துல நின்னா வேர்க்கும்."

"எவ்வளவு நேரம் எரியணும்?"

"தினம் எட்டு மணி நேரம்."

"அதையே குடுங்க. இந்த மழையில பவளத்துக்குக் குளிராதா?"

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. கடல் பக்கமே போகாத பெண்ணுக்குப் பவளத்தின் மேல் இத்தனை பரிவா!

விளக்கை மாட்டி, பவளமும் வைத்த மறுநாள், பாடசாலை விட்டுத் தலவாக்கலை வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொட்டி தகதகவென்று ஜொலித்தது. விளக்குக்கு மேலே குறுக்கே ஒரு கயிறு. அதில் வரிசையாக அவருடைய பெனியன், ஜட்டி, காலுறை.

"என்னாடி இது?"

"ரெண்டு வாரமா விடாத மழை. ஈர ஜட்டியோட எத்தனை நாளைக்குத்தான் பாடம் நடத்துவீங்க?" என்றாள் லோஜினி, ஒரு காலுறையைத் திருப்பிப் போட்டபடி. "நாளைக்குப் போர்வை. உங்க பவளத்தைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லுங்க."