சீர் வண்டி

"மோரு கடையிறியா, இல்ல காரு ரிப்பேரு பண்றியா?"

கேட்டுவிட்டுச் சுப்பராயலு தானே சிரித்துக்கொண்டார். மெக்கானிக் ராபர்ட் நிமிரவில்லை. வால்வின் தலையில் ஒட்டவைத்த கட்டையை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, முன்னும் பின்னுமாக உருட்டிக்கொண்டிருந்தான். வால்வுக்கும் அது உட்காரும் சீட்டுக்கும் நடுவே தடவிய பேஸ்ட் கரகரவென்று அரைந்தது.

சிதம்பரத்தில் சடையப்பன் வீட்டுக் கொட்டகையில் நின்ற கறுப்பு மோரிஸ் மைனர் அது. சடையப்பனின் மகள் சத்யப்பிரியாவைக் கடலூர் சுப்பராயலு தன் மகனுக்குக் கேட்டிருந்தார். பெண்ணைக் கேட்டார் என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. மனுஷன் கேட்டது காரைத்தான். கடலூரில் அவருக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. பழைய கார் ஒன்று வாசலில் நின்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம் என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தார். காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரன் அடிப்பது மட்டும்தான்.

சத்யப்பிரியா ராபர்ட்டுக்குக் காப்பி கொண்டுவந்தாள். சுப்பராயலு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு கறுப்புதான். பரவால்ல, காரும் கறுப்புதான. யூனிவர்சிட்டி வேலய மட்டும் மொதல்ல எழுதிக் குடுத்துட்டு வந்துடும்மா. என் வூட்டு மருமவ பஸ்ஸுக்கு நிக்கக் கூடாது."

அவள் டம்ளரை ராபர்ட்டின் பக்கத்தில் வைத்தாள். ராபர்ட்டின் கை ஒரு நொடி நின்று மறுபடி உருண்டது. சடையப்பன் மட்டும் பல்லைக் காட்டித் தலையாட்டினார். மகளுக்கு முப்பது நெருங்குகிறதே என்ற பயம் அவருக்கு. பயந்தவனிடம் எதையும் கேட்கலாம் என்பது சுப்பராயலுவுக்கு நன்றாகத் தெரியும்.

"சம்மந்தி, ஒண்ணு சொல்லிப்புடறேன். சீர் வண்டி என் வாசலுக்குத் தானா ஓடி வரணும். நடுவழியில நின்னா அபசகுனம். அப்பறம் தட்டு மாத்துற பேச்சே கெடையாது."

ஆக, கல்யாணமே அந்த வால்வுகளை நம்பித்தான் இருந்தது.

ராபர்ட் அரைத்து முடித்து, வால்வுகளை அதனதன் சீட்டில் உட்காரவைத்து, மேலே மண்ணெண்ணெய் ஊற்றிக் காட்டினான். ஒரு சொட்டுக்கூடக் கீழே கசியவில்லை.

"சீட்டு சுத்தமா புடிச்சிருச்சிங்க. இனிமே வால்வத் தள்ற டேப்பெட்டுல ஒரு நூல் எடம் விட்டு வைக்கணும். சூடானா வால்வு நீளும். எடம் இல்லன்னா சீட்டுல உக்காராது, வண்டி நின்னுடும்."

"எனக்கு ஏன்யா பாடம் எடுக்குற? எதையாவது வுட்டுத் தொல."

வெள்ளிக்கிழமை காலை மோரிஸுக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்தார்கள். வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. எந்த வண்டியையும் பரங்கிப்பேட்டை வரை ஓட்டிப் பார்க்காமல் கொடுக்காத ராபர்ட், அன்றைக்கு உறுமவிட்டுப் பார்த்து உடனே அணைத்துவிட்டான். நல்ல நேரம் போகிறதென்று சுப்பராயலுவும் குதித்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக்கு, நீயும் பின்னாடி ஏறு. நின்னா தள்றதுக்கு ஒரு ஆள் வேணும்ல" என்றார், முன் சீட்டில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு. அவருடைய டிரைவர் வண்டியை எடுத்தான்.

பி.முட்லூர் வரைக்கும் வண்டி பறந்தது. பிறகு இழுவை குறைந்தது. புதுச்சத்திரத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு, சரியாக ஒரு டீக்கடை வாசலில் நின்றது. டிரைவர் என்ன செய்தும் கிளம்பவில்லை.

ராபர்ட் பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"டேப்பெட்டுல எடம் பத்தலைங்க. தப்பு நடந்துபோச்சி."

"நீயெல்லாம் மெக்கானிக்கா? உன் கையில ஸ்பானரக் குடுத்தவன செருப்பால அடிக்கணும்."

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்தார்கள். மாலை போட்ட கார், பட்டு வேட்டி, அதற்குள் வேர்த்துக்கொட்டும் பெரிய மனுஷன். அவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? "தள்ளி வுடட்டுமா மாமா?" என்று ஒருவன் ரொம்பப் பணிவாகக் கேட்டான். சுப்பராயலுவுக்கு மானம் போயிற்று. செல்போனை எடுத்தார்.

"யோவ் சடையப்பா, உன் ஓட்ட வண்டியும் வேணாம், உன் பொண்ணும் வேணாம். ரெண்டும் எங்கயும் போய்ச் சேராது."

மருமகள் பஸ்ஸுக்கு நிற்கக் கூடாது என்றவர், கடலூர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனார்.

ராபர்ட் சிதம்பரத்துக்குத் திரும்பி வந்தபோது சடையப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"இத்தினி வருஷமா வண்டி பாக்குற. எம்மவ கல்யாணத்துலதானா உனக்குக் கை தவறணும்? அவ வாழ்க்கையில மண்ணப் போட்டுட்டியே" என்று வாய்விட்டு அழுதார். ராபர்ட் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். இனி சிதம்பரத்தில் அவனை நம்பி யார் வண்டி விடுவார்கள்?

சடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். சத்யப்பிரியா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். அப்பா போய்விட்டாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"முட்லூர்லயே நின்னுடும்னு சொன்னீங்க, புதுச்சத்திரம் வரைக்கும் ஏண்ணே ஓட விட்டீங்க?"