கண் மட்டம்

"எவனும் எதையும் தானா எடுக்கறதில்ல. நாமதான் எடுக்க வைக்கறோம்" என்றார் அலமாரி, சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

ஒரு பெரிய கடையில் எந்தச் சாமான் எந்தத் தட்டில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. இருபத்திரண்டு வருட சர்வீஸ். அலமாரி என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததுதான். விற்க வேண்டியதைக் கண் மட்டத்தில் வைத்தால் போதும், கை தானாகப் போகும், வாங்கியவர் தன் இஷ்டப்படி எடுத்ததாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார் என்று வீட்டில் தினமும் பாடம் நடத்துவார். மனைவிக்கு அது மனப்பாடம்.

"அப்போ நீங்க எடுக்கற முடிவெல்லாம்?"

"நான் தட்டுக்குப் பின்னாடி நிக்கறவன். என்கிட்ட அதெல்லாம் பலிக்காது."

மாதக் கடைசிக்குள் வீடு மாற வேண்டியிருந்தது. ஆனால் மனைவிக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அப்பாவின் சாய்வு நாற்காலி யாருக்கு என்ற சண்டையில் அலமாரியும் அவர் அண்ணனும் ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஒருவர் போன பிறகு இன்னொருவர் வந்து அழுது என்ன பயன் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள், கோபித்தும் பார்த்தாள். அண்ணன் குடியிருக்கும் தெருவில் தன் நிழல்கூட விழாது என்று சொல்லிவிட்டார் அலமாரி. சில மாதங்களாக அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தன் பிடிவாதம் ஜெயித்ததில் அவருக்குச் சந்தோஷம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் வலித்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறை நாளில் தரகர் மூன்று வீடு காட்டினார். முதல் வீட்டில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. மட்டமானதை முதலில் காட்டி அடுத்ததைத் தூக்கி நிறுத்துவது அவர் கடையிலேயே செய்கிற வித்தை. மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டாவது வீடு பளபளவென்று இருந்தது. தரகர் அதை வாய் ஓயாமல் புகழ, மனைவியும் கூடவே ஆமாம் போட்டாள். இதைத்தான் நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது வீட்டு வாசலிலேயே மனைவி நின்றுவிட்டாள். இரண்டு மாடி ஏறி இறங்க முடியாது, கூடத்து ஜன்னல் நேரே எதிர்வீட்டைப் பார்க்கிறது, வேண்டவே வேண்டாம் என்றாள். எட்டிப் பார்த்தார். எதிர்வீடு காலியாகப் பூட்டிக் கிடந்தது. யாரும் தலையில் கட்டப் பார்க்காத வீடு, எதிரிலும் ஆளில்லை. அலமாரிக்கு அது போதும்.

"இதுதான். யார் என்ன சொன்னாலும் இது நான் எடுத்த முடிவு."

"உங்க இஷ்டம்" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

குடிவந்த அன்று காலை அவர் கூடத்து ஜன்னலைத் திறந்தார். எதிர்வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது. அங்கே அப்பாவின் சாய்வு நாற்காலி. அதில் அண்ணன். தலை முழுக்க நரைத்துப் போயிருந்தது.

அண்ணன் தடுமாறி எழுந்தார். "நீ எங்கடா இங்க?"

"நானா பார்த்துப் பிடிச்ச வீடு. அவ வேண்டாம்னுதான் சொன்னா. நீ?"

"போன வாரம் வந்தேன். உன் அண்ணியும் வேண்டவே வேண்டாம்னா. நான் விடுவேனா? நானா எடுத்த முடி..."

அண்ணன் பாதியில் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அலமாரி மெதுவாகத் திரும்பினார். மனைவி சமையலறைத் தட்டில் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதான சொல்வீங்க" என்றாள் திரும்பாமலே, "கண் மட்டத்துல வெச்சா போதும்னு."