சூடு தெரியாத கை

காங்கேசன்துறையில் வெயில் தாழ்கிறது. செந்தூரன் தன் படகுக்காகப் பலகையில் ஒட்டிய எல்.ஈ.டி விளக்குப் பட்டி முற்றத்தில் வெகுநேரமாக எரிகிறது. பசை இளகும் மணம் வருகிறது. அவன் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான். "சூடே இல்லை. நாளைக்குக் கடலுக்குக் கொண்டுபோகலாம்." மனைவி தாரிகா தன் கையை வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறாள். "என்னப்பா கதைக்கிறியள்? கொதிக்குது. பலகை சூட்டை இழுக்காது, நடுக்கடலிலை கருகி அணைஞ்சுபோகும். அலுமினியத்திலை ஒட்டுவம்." "உமக்கு மெல்லிய தோல்" என்று அவன் சிரிக்கிறான். அவள் பலகையைத் தூக்கி, பட்டியால் அவன் கன்னத்தை லேசாகத் தொடுகிறாள். "ஆ!" என்று பின்வாங்குகிறான். சிரிப்பு நின்றுவிடுகிறது. தாரிகா வயரைக் கழற்றிவிட்டு, பழைய யன்னலின் அலுமினியச் சட்டத்தைத் துடைக்கத் தொடங்குகிறாள். செந்தூரன் எழும்பவில்லை. வலை இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையில் நகத்தால் அழுத்திக் கோடு கிழிக்கிறான். வலிக்கவில்லை. இன்னும் அழுத்திக் கிழிக்கிறான்.