மேல்தோலின் கடினம்

அன்று காலை சீனாவின் ஷென்யாங் நகர உலோக ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: வருடாந்திரப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் ஷியூ, இயந்திரம் ஓட்டும் தோங் யூலான், அவளோடு வேலை பார்க்கும் பி என்ற மூத்தவர்.

மூன்றாவது ஊசியும் யூலானின் கையில் பட்டு வளைந்தது.

"அக்கா, இது தோலா தகரமா?" என்றாள் நர்ஸ்.

"எங்க கூண்டுக்குள்ள கையை விட்டிருப்பா," என்று பி சிரித்தார்.

கூண்டுக்குள் எஃகுக் குண்டுகளை அதிரவிட்டு உலோகத்தின் முகத்தை ஓயாமல் அடிப்பதுதான் அவர்கள் வேலை. மேற்பரப்பின் படிகங்கள் கண்ணுக்கெட்டாத பொடியாக நொறுங்கி இறுகும். உள்ளே பழைய மென்மை அப்படியே இருக்கும்.

"ரத்தம் இல்லாம சான்றிதழ் கிடையாது. நாளையிலேர்ந்து நீங்க மெஷின்கிட்ட வர முடியாது," என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

யூலான் கடினம் அளக்கும் கருவியின் வைர முனைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள். முனை இறங்கியது. வலிக்கவில்லை. பி எண்ணைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"அடியே, நாம அடிச்சு இறுக்கின தகட்டை விட ஜாஸ்திடி!"

"பின்ன? யார் கை?" அவள் தலை நிமிர்ந்தது.

"உடம்பு முழுக்க அடிச்சு முடிஞ்சுதா?"

"முதுகு மட்டும் பாக்கி அண்ணே. இன்னிக்கு விட்டா நடக்காது."

ரயில் சக்கரங்களுக்காகக் கட்டிய பெரிய கூண்டுக்குள், சொந்த வீட்டுக்குள் போவதுபோல அவள் நுழைந்தாள். பி அவளுடைய மேல்கோட்டை வாங்கி மடித்து வைத்தார். பிறகு இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினார்.