பெருச்சாளி கார்

"காரைக் காணோமுங்க மாமா. எவனோ திருடிப்போட்டான்."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். சிங்காநல்லூரில் பட்டறை வைத்திருக்கும் என் மாமனார் நரசிம்மலு, எங்கள் கல்யாணத்துக்காகத் தன் கையாலேயே கட்டிக் கொடுத்த கார் அது. முன்பாதி பட்டாள ஏலத்தில் எடுத்த ஜீப், பின்பாதி பழைய பஸ், நெற்றியில் ஒற்றை விளக்கு. நான் அதில் போனாலே, வேலை பார்க்கும் மில் வாசலில் "பெருச்சாளி வருதுடோய்!" என்று கூவுவார்கள். வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்ல இரண்டு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

"எங்கீங்க மாப்ளே காணாமப் போச்சு?"

"காந்திபுரத்துலீங்க. திங்கக்கிழமை நிறுத்திப்போட்டு, காப்பி குடிச்சுட்டு வந்து பாத்தா இல்லீங்க."

"சாவி?"

"எங்கிட்டத்தான் இருந்துதுங்க. தேடுன பதட்டத்துல எங்கியோ உளுந்துபோச்சு."

அவர் எழுந்துபோய்ப் பட்டறையின் பின்கட்டுக் கதவைத் திறந்தார். உள்ளே பெருச்சாளி நின்றுகொண்டிருந்தது. சாவி அதிலேயே தொங்கியது.



"திங்கக்கிழமை நானும் அங்க சாமான் வாங்கப் போயிருந்தனுங்க. நீங்க சாவியை வண்டியிலயே உட்டுப்போட்டு பஸ் ஏறுனதைப் பாத்தேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "செரி, எவனாச்சும் ஆசைப்பட்டு எடுப்பான்னு எதுத்த டீக்கடையில மூணு நாளு உக்காந்து பாத்தேன். ஒரு திருடன்கூடத் தொடலீங்க மாப்ளே."